பூடில் முடி வெட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் நாய்களுக்குக் குரூமிங் செய்வது என் தொழில். பூடில் என்னும் சுருள்முடி நாயை வளர்க்கும் வீட்டுக்காரர்கள் போனிலும் நேரிலும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எந்த ஸ்டைல் நன்றாக இருக்கும் என்றுதான் எல்லோரும் பேச்சைத் தொடங்குவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் சீவுவீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்கு வரும் பதிலை வைத்துத்தான் ஸ்டைலைச் சொல்ல முடியும்.

முடியே கொட்டாது என்று சொல்லித்தான் விற்றார்கள். பிறகு ஏன் இவ்வளவு வேலை?

கொட்டத்தான் செய்யும். தரையில் விழாது, அவ்வளவுதான். லாப்ரடார் உதிர்க்கும் முடி சோபாவிலும் வேட்டியிலும் ஒட்டிக்கொள்ளும். பூடிலின் உதிர்ந்த முடி பக்கத்துச் சுருளிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சீவி எடுக்காவிட்டால் புது முடி அதோடு பின்னிக்கொள்ளும். கழுத்துப் பட்டை உரசும் இடம், காதுக்குப் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில்தான் முதலில் சிக்கு விழும். கவனிக்காமல் விட்டால் சில வாரங்களில் அது தகடு போன்ற சடையாகிவிடும்.

பூடிலின் முடி நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும் என்பது இன்னொரு காரணம். நாய்களின் முடி வகை பெரும்பாலும் மூன்றே மரபணுக்களைப் பொறுத்தது என்று 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒன்று நீளத்துக்கு, ஒன்று சுருளுக்கு, ஒன்று மீசையும் புருவமும் அடர்ந்து வளர்வதற்கு. பூடிலிடம் இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. ராஜபாளையம் நாயை ஈரத்துணியால் துடைத்துவிட்டாலே பளபளவென்று நிற்கும். பூடிலிடம் அது நடக்காது.

அப்படியானால் அலர்ஜி உள்ளவர்கள் வளர்க்கலாம் என்பது?

நம்பி வாங்காதீர்கள். ஒவ்வாமையைத் தூண்டுவது நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள புரதங்கள். நெதர்லாந்தில் 2012இல் வெளியான ஆய்வில், பூடில் உள்ளிட்ட ‘அலர்ஜி தராத’ இனங்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் குறைவாக இருக்கவில்லை. வாங்குவதற்கு முன் அந்த நாயோடு ஒரு மாலைப் பொழுதை முழுதாகக் கழித்துப் பாருங்கள்.

தினமும் பிரஷ் செய்கிறேன். ஆனாலும் சிக்கு விழுகிறதே?

மேலாகத் தடவுகிறீர்கள் என்று அர்த்தம். நிறையப் பேர் செய்யும் தவறு இது. வெளியே பஞ்சு மாதிரி பொங்கி நிற்கும் முடிக்கு அடியில், தோலை ஒட்டி, சடை சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டு சாமான் போதும். மெல்லிய கம்பிகள் வளைந்து நிற்கும் ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று, ஸ்டீல் சீப்பு ஒன்று. பிரஷ்ஷை வாங்கியதும் உங்கள் முன்கையின் உட்பக்கத்தில் நாலு தடவை தேய்த்துப் பாருங்கள். எரிந்தால் நாய்க்கும் எரியும், வேறு வாங்குங்கள்.

நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பின்னங்காலின் அடியிலிருந்து தொடங்குங்கள். ஒரு கையால் முடியை மேல்பக்கம் ஒதுக்கிப் பிடித்தால், தலையில் வகிடு எடுத்தது போல ஒரு கோடு விழும். கோட்டில் தோல் தெரிய வேண்டும். அங்கிருந்து முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிப் பிரஷ் செய்யுங்கள். அந்த வரிசை முடிந்ததும் அரை அங்குலம் மேலே அடுத்த வகிடு. இப்படியே முதுகு வரை. கடைசியில் ஸ்டீல் சீப்பின் பல் தோலைத் தொடும்படி வைத்து, வெளியே இழுங்கள். எங்கும் தடுக்காமல் வந்தால்தான் சீவி முடித்ததாகக் கணக்கு. தடுத்தால் இழுக்காதீர்கள். சிக்கின் அடியைத் தோலோடு சேர்த்து விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து பிரியுங்கள். நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குத் தலைவாரும்போது அழாமலிருக்க அம்மா எப்படிப் பிடிப்பாரோ, அதே பிடிதான்.

குட்டையாக வெட்டிய டாய் பூடிலுக்கு (பூடிலில் மிகச் சிறிய வகை) வாரம் மூன்று நாள் பத்து நிமிடம் போதும். இரண்டு அங்குலத்துக்கு மேல் வளர்த்தால் தினமும் 20 நிமிடமாவது வேண்டும்.

சடை பிடித்துவிட்டது. நன்றாக ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினால் இளகுமா?

தயவுசெய்து குளிப்பாட்டாதீர்கள். தண்ணீர் பட்டுக் காய்ந்தால் சடை இன்னும் இறுகும். சிக்கெடுத்த பிறகுதான் குளியல், எப்போதுமே.

போன மார்கழியில் ஒரு வெள்ளை டாய் பூடிலைக் கொண்டுவந்தார்கள். வீட்டில் கைக்குழந்தை. மூன்று மாதமாக யாருக்கும் சீப்பைத் தொட நேரமில்லை. பார்வைக்குப் புசுபுசுவென்று அழகாகத்தான் இருந்தது. சீப்பை வைத்தேன், உள்ளே இறங்கவே இல்லை. முடி வெட்டும் மிஷினான கிளிப்பரின் 10ஆம் நம்பர் பிளேடைத் தோலுக்கும் சடைக்கும் நடுவில் விட்டு, நூல் நூலாகத் தள்ளினேன். முதுகிலிருந்து வயிறு வரை ஒரே பாயாகக் கழன்று வந்தது. அடியில் தோல் சிவந்து, வியர்க்குரு மாதிரி பொரிந்திருந்தது. இடது அக்குளில் ஏழு உண்ணிகள். அந்த அம்மா அழுதேவிட்டார். “முடி வளர்ந்துவிடும், அழாதீங்கம்மா” என்றேன். மேசையிலிருந்து இறக்கியதும் நாய் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு அறை முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடியது. அவ்வளவு நாள் நடக்கும்போதெல்லாம் தோல் இழுபட்டிருக்கிறது அதற்கு.

இந்த நிலையில் ‘முடியை வெட்டாமல் சிக்கு மட்டும் எடுத்துக் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். மணிக்கணக்கில் நாயை வதைப்பதாகிவிடும். காதில் சடை இருந்து மழித்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாரம் இறங்கிய காதை நாய் பலமாக உதறிக்கொண்டே இருக்கும், அதில் காது மடலுக்குள் ரத்தம் கட்டி வீங்கிவிடலாம். காதைத் தலையோடு சேர்த்துத் தளர்வாகத் துணி கட்டிச் சில மணி நேரம் விடுவது நல்லது. வீங்கினால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

படங்களில் காலில் பந்து பந்தாக, பின்பக்கம் மழித்து இருக்கிறதே, அது எதற்கு? வெறும் அலங்காரமா?

இன்றைக்கு அலங்காரம்தான், ஆனால் தொடங்கியது தண்ணீரில். பூடில் ஒரு காலத்தில், சுட்டு விழுத்திய வாத்தை நீந்திப்போய் எடுத்துவரும் வேட்டை நாய். ஜெர்மன் மொழியில் அதன் பெயர் ‘பூடெல்’, தண்ணீரில் சளசளப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ‘கனீஷ்’ என்கிறார்கள், அது வாத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நனைந்தால் அந்தக் கம்பளி முடி பெரும்பாரம். அதனால் நீந்த உதவும் பின்பக்கத்தை மழித்துவிட்டு, குளிர் தாக்காமலிருக்க நெஞ்சிலும் மூட்டுகளிலும் மட்டும் முடியை விட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். பிறகு அது பிரபுக்கள் வீட்டுக்கு வந்தது, தெருவுக்கும் வந்தது. பாரிஸின் போன் நெஃப் பாலத்தருகே நாய்க்கு முடி வெட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்களைக் கண்ட மாதிரி இருக்கும். ரெம்பிராண்ட் 1631இல் கீழைநாட்டு உடையில் தன்னை வரைந்துகொண்ட ஓவியத்தில் காலடியில் உட்கார்ந்திருப்பது ஒரு பூடில்தான்.

இப்போது போட்டி மேடையில் பார்ப்பவை பெரும்பாலும் இரண்டு. காண்டினென்டல் வெட்டில் இடுப்புக்குப் பின்னால் முழுக்க மழித்திருக்கும். விருப்பப்பட்டால் இடுப்பின் இருபுறமும் ஒவ்வொரு உருண்டை விடலாம். பின்னங்கால்களில் வளையல், முன்னங்கால்களில் கொண்டை, வால் நுனியில் பந்து. இங்கிலிஷ் சேடில் வெட்டில் பின்பக்கம் மழிக்கப்படாமல் குட்டையான போர்வை போல முடி இருக்கும், விலாவில் பிறை மாதிரி ஒரு வெட்டும் ஒவ்வொரு பின்னங்காலிலும் மழித்த இரண்டு பட்டைகளும் விழும். எனக்குத் தெரிந்து கத்தரிக்கோல் பிடிப்பவரின் கையைச் சோதிப்பதில் இதற்கு மேல் ஒன்றில்லை.

நாய் இனங்களுக்கான அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப்பின் விதிப்படி 12 மாதத்துக்குள் உள்ள குட்டி, குட்டிகளுக்கான ‘பப்பி கிளிப்’ வெட்டில் போட்டிக்கு வரலாம். அதன்பிறகு வழக்கமான போட்டிப் பிரிவுகளில் இந்த இரண்டில் ஒன்றுதான். 2020இல் நியூயார்க் வெஸ்ட்மின்ஸ்டர் போட்டியில் முதல் பரிசு வாங்கிய சீபா ஒரு ஸ்டாண்டர்ட் பூடில் (பெரிய வகை), 2024இல் வாங்கிய சேஜ் ஒரு மினியேச்சர் (நடுத்தர வகை). இரண்டின் படங்களையும் தேடிப் பாருங்கள், அந்த முடிக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் மணி நேரச் சீவல் இருக்கிறது என்பது சீப்பு பிடித்தவர்களுக்குப் புரியும்.

வீட்டு நாய்க்கு எந்த வெட்டு சரி?

நான் முதலில் சொல்வது ஸ்போர்ட்டிங் கிளிப். முகம், தொண்டை, பாதம், வாலின் அடிப்பகுதி ஆகியவற்றை மழித்து, உடம்பு முழுக்க ஒரே குட்டை அளவு, கால்களில் கொஞ்சம் கூடுதல், தலையில் அழகான உருண்டை, வாலில் ஒரு பந்து. பூடிலின் உடல்வாகு இதில்தான் தெரியும். நீண்ட கழுத்து, நேரான முதுகு, துள்ளும் நடை எல்லாம் கண்ணுக்குப் படும். காலில் இன்னும் நிறைய முடி விட்டு உடம்போடு சரிவாக இணைத்தால் அதுவே லாம்ப் கிளிப், ஆட்டுக்குட்டி மாதிரி.

உடம்பையும் காலையும் குட்டையாக வெட்டிக் கணுக்காலில் மட்டும் உருண்டை விடுவது மயாமி வெட்டு. நம் ஊர் வெப்பத்துக்கும் நேரமில்லாதவர்களுக்கும் ஏற்றது. டச்சு வெட்டு என்று ஒன்று உண்டு, முதுகின் மேலும் இடுப்பைச் சுற்றியும் பட்டை பட்டையாக மழிப்பது. இப்போது யாரும் கேட்பதில்லை.

முடியைச் சீவாமலே திரிதிரியாகத் தொங்கவிடும் கயிறு பூடில்களும் உண்டு. அது அலட்சியத்தில் வருவது என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு திரியையும் கையால் பிரித்துப் பிரித்து வளர்க்க வேண்டும், குளித்தால் காய ஒரு நாளே போய்விடும். சென்னை ஈரப்பதத்தில் பூஞ்சைதான் மிஞ்சும்.

டெடி பேர் வேண்டும். எல்லோரும் அதைத்தானே வைத்திருக்கிறார்கள்?

டெடி பேர் ஜப்பானில் டாய் பூடில்களுக்கு வைத்துப் பிரபலமான வெட்டு. முகத்தை மழிக்காமல் வட்டமாகக் கத்தரிப்பதுதான் அதன் உயிர். கொள்ளை அழகு, மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த மூஞ்சி முடியில்தான் தயிர்சாதமும் தண்ணீரும் கண்ணீரும் தங்கும். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஈரத்துணியால் துடைத்து, சின்னச் சீப்பால் தாடையைச் சீவ முடியும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை முகத்தை மட்டுமாவது சரிசெய்ய வர வேண்டும். முடியாது என்றால் மழித்த முகம் வையுங்கள். முதல் இரண்டு நாள் ‘என் குழந்தை எலி மாதிரி இருக்கே’ என்று தோன்றும். மூன்றாம் நாள் அந்த முகத்தின் நீளமும் கண்ணும் பிடித்துப்போகும். பலர் அதன்பின் மாற்றியதே இல்லை.

கத்திரி வெயிலில் மொட்டை அடித்துவிடலாமா?

குட்டையாக வெட்டலாம். தோல் தெரிய மழிக்கக் கூடாது. பூடிலுக்கு அடிமயிர் கிடையாது, ஒரே அடுக்குதான். அதையும் வழித்துவிட்டால் நேர் வெயில் தோலில் படும். வெள்ளை, ஆப்ரிகாட் (இளம் ஆரஞ்சு) நிறங்களுக்குத் தோல் சீக்கிரம் கன்றிவிடும். அரை அங்குலமாவது விடுங்கள். வயிற்றை மட்டும் மழித்துக்கொள்ளலாம், தரையில் படுத்தால் குளிர்ச்சி நேரே ஏறும்.

நாய்க்கு வெப்பம் இறங்குவது முக்கியமாக வாய்வழி மூச்சிரைப்பில். அதனால் மொட்டையை நம்பி மதியம் வெளியே கூட்டிப்போகாதீர்கள். காலை ஏழு மணிக்கு முன், மாலை வெயில் தணிந்த பின். ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கொடைக்கானலில் இருக்கிறோம். குளிருக்கு முடி நீளமாக விட்டால் தாங்குமா?

மலைக்குளிர் தாங்கும், ஈரம்தான் பிரச்சினை. அலாஸ்காவில் நாய்கள் பனிவண்டி இழுக்கும் இடிடாராட் என்ற நெடுந்தூரப் பந்தயம் இருக்கிறது. ஜான் சூட்டர் என்பவர் 1988 முதல் 1991 வரை அதில் ஸ்டாண்டர்ட் பூடில்களைக் கட்டி ஓட்டினார். ஓடும் வலு அவற்றுக்கு இருந்தது. ஆனால் பனி முடியில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது, பாதங்கள் பாதிக்கப்பட்டன. பிறகு வடதுருவக் குளிருக்கென்றே உருவான இனங்களை மட்டும் அனுமதிக்கும் விதி வந்துவிட்டது. உங்கள் ஊரில் பனிமழை பெய்யாது, ஆனால் மூடுபனியில் நடந்துவிட்டு வந்தால் கால்முடி அதே மாதிரி நனையும். உடம்பில் ஒன்றரை அங்குலம் விடுங்கள், பாதத்தை மழித்துவிடுங்கள், வந்ததும் டிரையரில் அடிவரை காயவையுங்கள்.

பிளேடு நம்பர் புரியவில்லை. பெரிய நம்பர் என்றால் நீளமா?

தலைகீழ். நம்பர் கூடக்கூட முடி குறையும். 10 என்றால் 1.5 மி.மீ., 7 எஃப் என்றால் 3.2 மி.மீ., 5 எஃப் 6.3 மி.மீ., 4 எஃப் 9.5 மி.மீ. சுமார். எஃப் என்பது சீராக வெட்டும் ஃபினிஷிங் பிளேடைக் குறிக்கும். முகத்துக்கும் பாதத்துக்கும் வீட்டில் செய்பவர்கள் 10ஐத் தாண்ட வேண்டாம். 30, 40 எல்லாம் பழகிய கைக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடைப் புறங்கையில் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நிறுத்திவிடுங்கள், கிளிப்பர் சூடு பட்ட இடத்தை நாய் நக்கி நக்கியே புண்ணாக்கிவிடும்.

தேங்காய் எண்ணெய், சீயக்காய், மஞ்சள் போடலாமா?

எண்ணெய் தேய்த்தால் சுருளுக்குள் தூசி அப்பும், நாய் நக்கும், வயிற்றால் போகும். வெடித்த பாதத்துக்கு ஒரு துளி என்றால் சரி. சீயக்காய்த் தூள் முடிக்குள் தங்கி அரிக்கும், கண்ணில் பட்டால் பாவம். வெள்ளை நாய்க்கு மஞ்சள் பூசினால் வெட்டி எடுக்கும்வரை மஞ்சள்தான். நாம் போடும் ஷாம்புவும் வேண்டாம், நாய்த் தோலின் அமிலத்தன்மை நம்முடையதைவிடக் குறைவு. உண்ணிக்கு நல்லது என்று யாராவது டீ ட்ரீ ஆயிலைச் சொன்னால் கேட்காதீர்கள், அது நாய்க்கு நஞ்சு.

உண்ணி?

சுருளுக்குள் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, விரல் நுனியால்தான். காது மடலின் உள்பக்கம், விரலிடுக்கு, வாலடி. பாதத்தை மழித்து வைப்பதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் இதனால்தான், விரலிடுக்கு திறந்திருந்தால் தடவியதுமே தெரிந்துவிடும். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் நிறைய நாய்களைக் கொண்டுபோகிறது. மருந்தை மருத்துவர் சொன்ன தேதியில் தவறாமல் கொடுங்கள்.

காதுக்குள் வளரும் முடியைப் பிடுங்க வேண்டுமா?

முன்பெல்லாம் எல்லா பூடிலுக்கும் பிடுங்குவோம். இப்போது நான் செய்வதில்லை. ஆரோக்கியமான காதில் பிடுங்கினால் அந்தச் சின்னச் சின்னக் காயங்களிலேயே அழற்சி தொடங்கலாம். வெளியே நீட்டியிருப்பதை வெட்டிவிட்டால் போதும். அடிக்கடி சீழ் பிடிக்கும் காதாக இருந்து மருத்துவர் சொன்னால் மட்டும் பிடுங்கலாம். குளித்தபின் காதைக் காயவைப்பதுதான் இங்கே முக்கியம்.

குட்டியை எப்போது முதன்முதலில் கொண்டுவரலாம்?

தடுப்பூசிகள் முடிந்ததும், நாலு மாத வாக்கில். முதல் தடவை வெட்டவே மாட்டேன். மேசையில் நிற்கவைத்து, அணைத்த கிளிப்பரை முகத்தில் வைத்து, பிறகு சத்தத்தை மட்டும் கேட்கவைத்து அனுப்புவேன். வீட்டில் நீங்கள் தினமும் பாதங்களைப் பிடித்துப் பழக்குங்கள்.

ஒரு வயதை ஒட்டி குட்டி முடி போய்ப் பெரிய நாயின் முடி வரும். 9 மாதத்திலிருந்து 18 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் தொடங்கும். நேற்று சீவிய இடத்தில் இன்று சிக்கு இருக்கும். நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. அந்த நாட்களில் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள்.

கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

ஸ்டைல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், ஒவ்வொரு கடையிலும் ஒவ்வோர் அர்த்தம். உடம்பில் எவ்வளவு நீளம், முகம் மழிக்கவா கத்தரிக்கவா, பாதம் மழிக்கவா, வாலில் பந்து வேண்டுமா என்ற நாலையும் சொல்லி ஒரு படமும் காட்டுங்கள். டிரையர் போட்ட கூண்டுக்குள் நாயைத் தனியே விட்டுவிடுவார்களா என்று கேளுங்கள். விடுவோம் என்றால் வேறு கடை பாருங்கள், சூடு ஏறி உயிரே போகலாம்.

எங்கள் நாய்க்கு 14 வயது. மேசையில் நிற்க முடியவில்லை. வெட்டாமலே விட்டுவிடலாமா?

விடாதீர்கள், பிரித்துச் செய்யலாம். எனக்கு ஒரு கறுப்பு மினியேச்சர் வருகிறது, இப்போது சாம்பலாகிவிட்டது, ஒரு கண் தெரியாது. அதை மேசையில் ஏற்றுவதில்லை. தரையில் போர்வை விரித்து, தலையை வீட்டுக்காரர் மடியில் வைத்துக்கொள்வார். ஒரு நாள் பாதங்கள், மூன்று நாள் கழித்து முகமும் பின்புறமும், அடுத்த வாரம் உடம்பு. கிளிப்பரை அது பார்க்காத பக்கத்திலிருந்து கொண்டுபோக மாட்டேன், முதலில் கையை மூக்கருகே நீட்டுவேன். முகர்ந்துவிட்டுத் தானாகத் தாடையை என் உள்ளங்கையில் வைக்கும், அப்போது தொடங்குவேன். தலையில் உருண்டை மட்டும் இன்னும் வைத்திருக்கிறோம், சின்னதாக.